மூன்று வயதுக்கு முழுநாள் பள்ளியா, அரைநாளா?

ஜூன் மாதம் மகளின் பள்ளிக்காக நகராட்சியிலிருந்து வந்த பதிவுத் தாளில் ஒரு கேள்வி இருந்தது: கேண்டீன் வேண்டுமா, வேண்டாமா? டிக் அடிக்க வேண்டியது ஒரே ஒரு கட்டம். அதை அடிக்க எனக்கும் கணவருக்கும் மூன்று வாரம் ஆனது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் சிறு பிள்ளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், அதிலும் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வந்து இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். அதனால் நாங்கள் யோசித்ததையும் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமை இதுதான். வீடு சேன் ஆந்த்ரேவில். எனக்கு வேலை தீவின் தலைநகரான சேன் தெனியில். கணவருக்கு ஷிப்ட். மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மகளுக்கு அக்டோபரில்தான் மூன்று முடிந்தது. ஆனால் எந்த ஆண்டில் மூன்று வயது நிறைகிறதோ அந்த ஆண்டிலேயே பள்ளி தொடங்க வேண்டும் என்பது சட்டம். இங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கிறது. ஆக, முதல் நாள் வாசலில் நின்றபோது அவளுக்கு இரண்டு வயது பத்து மாதம்.

பிரான்சில் 2019 வரை கட்டாயக் கல்வி ஆறு வயதில் தொடங்கியது. அந்த ஆண்டிலிருந்து மூன்று வயது. பிரெஞ்சு மாவட்டமான ரெயூனியனுக்கும் அதே விதிதான். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், 2022 முதல் அதற்கும் கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும். அதனால் பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று நாங்கள் உட்கார்ந்து யோசிக்கவே இல்லை. பதினொன்றரை மணிக்கு மேல் பிள்ளை எங்கே இருப்பது என்பது மட்டும்தான் மிச்சம்.

எங்கள் பள்ளியில் காலை எட்டு முதல் பதினொன்றரை, பிறகு ஒன்று முதல் மூன்றரை. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. புதன் விடுமுறை. வாரத்துக்கு 24 மணி நேர வகுப்பு என்பது நாடு முழுவதற்கும் பொது. 2017க்குப் பிறகு அதை நான்கு நாளில் அடக்கிக்கொள்ள ஊர்களுக்கு வழி கிடைத்தது. புதன் காலையும் பள்ளி வைக்கும் ஊர்கள் இருக்கின்றன. நீங்கள் குடிவந்த ஊரில் எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், புதன்கிழமைக்கு யார் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

எங்களுக்கு முன்னால் நான்கு வழி இருந்தது. கேண்டீனில் சாப்பிட்டு, பள்ளியிலேயே தூங்கி, மாலை வருவது ஒன்று. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத் திரும்பப் போவது இன்னொன்று. காலை மட்டும் பள்ளி, மதியத்துக்கு மேல் பாட்டியிடம் என்பது மூன்றாவது. காலை பள்ளி, மதியம் நூனூவிடம், அதாவது சம்பளத்துக்குத் தன் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்த்துக்கொள்பவரிடம் என்பது நான்காவது.

ஆரம்பத்தில் இவற்றைக் காசை வைத்தும் நேரத்தை வைத்தும்தான் அளந்தோம். காசில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. கேண்டீனுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். கடல் கடந்த மாவட்டங்களில் பள்ளிச் சாப்பாட்டுக்குக் குடும்ப நல நிதியும் ஒரு பங்கு போடுகிறது. நூனூ வைத்தால் பிள்ளைக்கு ஆறு வயது வரை அதே நிதியிலிருந்து உதவி உண்டு, வரியிலும் கழிவு உண்டு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் அத்தை ஒரு நாள் சொன்னார்: "அவ மத்தியானம் எங்க தூங்குவா? அதை மொதல்ல சொல்லுங்க." அதற்குப் பிறகுதான் நாங்கள் சரியாக யோசிக்கத் தொடங்கினோம்.

தூக்கக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தீவு விடியற்காலையிலேயே எழுந்துவிடும். கோடையில் ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம். வேலைக்குப் போகும் வழியில் சேன்த் மாரி பக்கம் கார்கள் தேங்கி நிற்பதற்கு முன்னால் கடந்துவிட நான் ஆறேகாலுக்குக் கிளம்ப வேண்டும். நான் எழுந்து நடமாடும் சத்தத்தில் அவளும் எழுந்துவிடுவாள். இரவு எட்டு மணிக்குப் படுக்க வைத்தாலும் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் தேறாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் மதியத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் அவள் கட்டாயம் தூங்கியாக வேண்டும். எங்கே தூங்குவது நடக்குமோ, எந்த நேரத்தில் நடக்குமோ, அதுதான் நல்ல வழி.

இந்த அளவுகோலை எடுத்ததும் இரண்டாவது வழி உடனே அடிபட்டது. பதினொன்றரைக்குக் கூட்டிவந்து, கை கால் கழுவி, ஊட்டி முடிக்கும்போது பன்னிரண்டேகால். கண் செருகும். அந்த நேரத்தில் செருப்பை மாட்டி, உச்சி வெயிலில் திரும்ப நடக்க வைக்க வேண்டும். நடையில் தூக்கம் கலைந்துவிடும். பள்ளியில் போய்ப் படுக்க வைத்தால், ஏற்கெனவே தூங்கும் பிள்ளைகளுக்கு நடுவே இவள் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பாள். பள்ளிக்கு எதிர் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வேண்டுமானால் இது ஒத்துவரலாம்.

நூனூவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்ற நூனூக்கள் அக்கறையாகவே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பதினொன்றரைக்குப் பள்ளி வாசலுக்கே வந்து அழைத்துப் போகும் ஒருவர் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பிள்ளை ஒரே நாளில் வீடு, பள்ளி, மூன்றாவதாக ஒரு வீடு என்று மூன்று இடத்துக்குப் பழக வேண்டும். பள்ளிக்குப் பழகுவதற்கே அழுகிற மாதத்தில் இதையும் அவள் மேல் போட எங்களுக்கு மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்தே ஒரு நூனூவிடம் வளர்ந்த பிள்ளைக்கு நிலைமை வேறு. அந்தப் பிள்ளைக்கு அது பழகிய இடம், அங்கேயே தொடரலாம்.

ஆக, கேண்டீனும் பாட்டியும்தான் மிஞ்சின.

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் பெற்றோரை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். எல்லோரும் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் தூங்கும் அறையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தாழ்வான சிறு கட்டில்கள், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் படமும். ஜன்னல் கதவைச் சாத்தி இருட்டாக்கி, விசிறியை மெதுவாக வைக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் தூதூவை, அதாவது பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையையோ துணியையோ, தலைமாட்டில் வைக்கலாம். டீச்சருக்குத் துணையாக இருக்கும் அட்செம் அம்மா, நம்மூரில் ஆயா என்போமே அவர், எல்லோரும் தூங்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார். பார்த்தபோது மனதுக்குப் பரவாயில்லை என்று இருந்தது. கேண்டீனில் சாப்பிடும் சின்னப் பிள்ளைகளைப் பன்னிரண்டரைக்குள் படுக்க வைத்துவிடுகிறார்கள் என்பதும் நல்ல விஷயம். உண்ட மயக்கத்திலேயே தூங்கிவிடும்.

சாப்பாடு எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. பார்த்தால் பயந்த அளவுக்கு இல்லை. இங்கே கேண்டீனிலும் சோறு உண்டு, பருப்போ பீன்ஸோ உண்டு, கறி உண்டு. காரம் மட்டும் போடுவதில்லை. சட்டப்படி வாரத்தில் ஒரு வேளை சைவச் சாப்பாடு தர வேண்டும். மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடுவதில்லை என்றால் அதற்கு மாற்று தரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் ஊரில் பதிவுத் தாளிலேயே கேட்டிருந்தார்கள். தைப்பூசக் காவடிக்கு வீட்டில் விரதம் இருக்கும் நாட்களில் மட்டும் அவளைக் கேண்டீனில் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டில் சும்மா இருக்கும் அம்மாவின் பிள்ளைக்குக் கேண்டீனில் இடம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேண்டீன் இருக்கும் தொடக்கப் பள்ளியில், பெற்றோரின் நிலையைக் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது.

இனி பாட்டி வழி. இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை. கட்டாயம் என்று ஆகிவிட்டதால் மதியமும் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்த அரசாணைப்படி, பெத்தித் செக்சியோன் என்கிற, மூன்று வயதில் சேரும் மழலை வகுப்புப் பிள்ளைக்கு மட்டும், மதிய நேரத்துக்கு மட்டும், பெற்றோர் விலக்கு கேட்கலாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் தன் கருத்தைச் சேர்த்துக் கல்வி ஆய்வாளருக்கு அனுப்புவார். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பொருள். நடுவில் மாற்றிக்கொள்ளவும் கேட்கலாம். நாங்கள் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்: பாட்டி வீட்டில் இருக்கிறார், பிள்ளை வீட்டில் தூங்கும், அவ்வளவுதான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

மதியம் போகாவிட்டால் படிப்பில் என்ன போகும் என்று டீச்சரிடம் நேராகவே கேட்டேன். இந்த வயதில் பேச்சு, பாட்டு, உடற்பயிற்சி எல்லாம் காலையில்தான், மதியம் பெரும்பாலும் தூக்கம், எழுந்த பிறகு கொஞ்சம் விளையாட்டு என்றார். அதனால் படிப்பைப் பற்றிய கவலை விட்டது.

பிரெஞ்சு பற்றிய கவலை விடவில்லை. எங்கள் வீட்டில் தமிழ்தான். தெருவில் தீவின் பேச்சு மொழியான கிரெயோல். பிரெஞ்சு அவளுக்குப் பள்ளியில்தான். அதிலும் அரைநாளைக் குறைத்துவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று கணவர் பயந்தார். அந்தப் பயம் நியாயம்தான், சாப்பாட்டு மேஜையில்தான் பிள்ளைகள் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எனக்கு வேறு ஒன்று கண்முன் நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் முன்னோர் 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கோவிலில் அவர் பாடும் பாட்டில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் தெளிவாக இருக்கும். அர்த்தம் கேட்டால் தெரியாது என்பார். அவருடைய பாட்டிக்குப் புரியும், பாட்டியின் அம்மாவுக்குப் பேசவும் வரும் என்று ஒரு தடவை சொன்னார். இத்தனைக்கும் இந்தத் தீவின் கிரெயோலில் முருங்கையை முருங் என்கிறார்கள், கறிவேப்பிலையைக் காலுபிலே என்கிறார்கள், பீர்க்கங்காயைப் பிபங்காய் என்கிறார்கள். சமையலறைச் சொற்கள் தங்கிவிட்டன, பேச்சு போய்விட்டது. பிரெஞ்சு என் மகளுக்கு எப்படியும் வரும். பள்ளி, டிவி, பூங்கா, டாக்டர் என்று நாலா பக்கமும் அதுதான். தமிழுக்கு யாராவது நேரம் ஒதுக்கினால்தான் உண்டு. நான் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். அதற்குப் பிறகு குளியல், சாப்பாடு, படுக்கை. நிதானமாக உட்கார்ந்து தமிழில் பேசக் கிடைப்பது அத்தையோடு இருக்கும் அந்த மதியங்கள்தான்.

இதனால்தான் ஆகஸ்டில் அரைநாளைத் தேர்ந்தெடுத்தோம். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. பன்னிரண்டரைக்குத் தூங்கி இரண்டரைக்கு எழுவாள். எழுந்ததும் அத்தை மடியில் கொஞ்ச நேரம். அப்புறம் கீரை ஆய்வது, பருப்பில் கல் பொறுக்குவது, காக்காவுக்குச் சோறு வைத்த கதை, காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கதை. அம்மையார் தலையால் நடந்து கயிலாயம் போனதை எனக்கே அவள் நடித்துக் காட்டினாள்.

நாங்கள் சரியாக எடை போடாதது அத்தையின் முட்டி. பள்ளிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. பெரியவர் காலுக்குச் சரிவில் இறங்கி, பிள்ளையோடு வெயிலில் ஏறி வருவது வாரத்தில் நான்கு நாள் என்றால் சாதாரணமில்லை. அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. கணவருக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாளில் அவர் போய் அழைத்து வருவார், மற்ற நாளெல்லாம் அத்தைதான். அக்டோபர் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்பு முட்டி வீங்கிப் படுத்துவிட்டார். அந்த வாரம் வேறு வழியில்லாமல் கேண்டீனுக்குப் பெயர் கொடுத்தோம்.

அந்த வாரத்தை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. மூன்று நாள் அவள் பள்ளியில் கண் மூடவில்லை. சாப்பிட்டாள், அழவில்லை, கட்டிலில் சும்மா படுத்திருந்தாள் என்று அட்செம் அம்மா சொன்னார். மூன்றரைக்கு அவள் அப்பா காரில் ஏற்றியதும் தூங்கிப்போவாள். எழுப்பினால் வீறிட்டு அழுவாள். எழுப்பாமல் விட்டால் ஆறு வரை தூங்கி, இரவு பத்தரைக்கும் விழித்திருப்பாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடி அதே கதை. ஒரு பகல் தூக்கம் தவறினால் இரண்டு இரவு கெடுகிறது என்று அப்போது கண்ணால் பார்த்தோம். என் பக்கம் ஒரு தப்பு நடந்தது. வீட்டில் அவள் கட்டிக்கொண்டு தூங்குவது அத்தையின் பழைய நூல் புடவைத் துண்டு. பள்ளிக்கு அதைக் கொடுத்து அனுப்பாமல், கடையில் வாங்கிய புது முயல் பொம்மையைக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் புடவைத் துண்டைக் கொடுத்தனுப்பினேன். அன்று தூங்கினாள்.

அது எங்களுக்கு ஒரு வழியைக் காட்டியது. நவம்பரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் கேண்டீன், திங்களும் வியாழனும் வீடு என்று மாற்றிக்கொண்டோம். விலக்குக் கடிதத்தையும் அதற்கு ஏற்ப மாற்றி எழுதிக் கொடுத்தோம். நாட்களை மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைக்குக் குழப்பம் என்று சிலர் எச்சரித்தார்கள். எந்தெந்த நாள் என்பது நிலையாக இருந்தால் குழப்பம் வரவில்லை. குளிர்பெட்டி மேல் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, இரண்டில் தட்டும் இரண்டில் பாட்டியும் வரைந்து ஒட்டியிருக்கிறேன். காலையில் அவளே போய்ப் பார்த்துச் சொல்வாள்.

கேண்டீன் நாட்களால் கிடைத்த நன்மையையும் மறைக்கக் கூடாது. வீட்டில் அத்தை கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அங்கே கரண்டி பிடித்துத் தானாகச் சாப்பிடுகிறாள், தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் தூங்கும் தோழியின் பெயரைத்தான் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்கிறாள். கணவர் பயந்த பிரெஞ்சும் அந்த மேஜையிலிருந்துதான் வாக்கியம் வாக்கியமாக வரத் தொடங்கியது.

பள்ளி முடிந்த பிறகு ஐந்தரை வரை வைத்துக்கொள்ளும் கார்தெரி எங்கள் பள்ளியில் உண்டு. இந்த வயதுக்கு அதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். காலை ஏழரைக்குப் போன பிள்ளை மாலை ஐந்தரை வரை கூட்டத்திலேயே இருந்தால் பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கே அது அதிகம்.

எந்த வழியை எடுத்தாலும் வீட்டில் இருக்கக்கூடிய ஒரு பெரியவரை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். புயல் காலத்தில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே பள்ளிகளை மூடிவிடுவார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேண்டீனும் கிடையாது, கார்தெரியும் கிடையாது. இன்னொன்று, பிள்ளை வளர்ப்புக்காகப் பகுதிநேர வேலை கேட்கும் உரிமை மூன்றாவது பிறந்தநாளோடு பொதுவாக முடிந்துவிடும். அதன் பிறகு புதன்கிழமை விடுப்பு என்பது முதலாளியோடு பேசி வாங்க வேண்டியது. பிறந்தநாளுக்கு முன்பே பேசுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தது உங்கள் வீட்டுக்கு வராமல் போகலாம். நடக்கும் தூரத்தில், நடக்கக்கூடிய உடம்போடு, பாட்டியோ தாத்தாவோ இருந்தால் முதல் இரண்டு மாதம் அரைநாள் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்படி யாரும் இல்லாதவர்கள் மனம் உறுத்தாமல் கேண்டீனைத் தேர்ந்தெடுக்கலாம். தூங்கும் அறையை மட்டும் போய்ப் பாருங்கள். வீட்டில் உண்மையாகவே கட்டிக்கொண்டு தூங்கும் துணியைக் கொடுத்து அனுப்புங்கள். முதல் வாரத்தில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள்.

இந்த டிசம்பரோடு அத்தைக்கு முட்டி வைத்தியம் தொடங்குகிறது. ஜனவரிக் கடைசியில் பள்ளி திறந்ததும் வியாழனையும் கேண்டீனுக்கு மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமையை மட்டும் விடமாட்டேன் என்கிறார் அத்தை. அன்றைக்கு அழைத்து வரும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்கிறார். ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.